அரோமாவும் எஸ்ஸும்

இணையக் குழு ஒன்றில் புதிதாகச் சேர்ந்தவர் இரண்டு வரி எழுதியதுமே அவர் புதியவர் என்று மற்றவர்கள் எப்படிக் கண்டுகொள்கிறார்கள் என ஒரு வாசகர் கேட்டிருந்தார். முகமோ குரலோ தெரியாத திரையில் காட்டிக்கொடுப்பவை சொற்கள்தாம். ஒருவரோடு ஒட்ட விரும்பும்போது அவருடைய சொல்லையும் நடையையும் நோக்கி நம்மை அறியாமலே நகர்கிறோம். விலக விரும்பினால் மாற்றிப் பேசுகிறோம். சமூக உளவியலாளர் ஹோவர்ட் ஜைல்ஸ் 1970களில் வகுத்த பேச்சு இணக்கக் கோட்பாட்டின் சாரம் இது.

தமிழில் ஒரு சிறு சொல்லே இந்த வேலையைச் செய்துவிடும். "நாங்கள் இங்கே அப்படி எழுதுவதில்லை" என்றால் புதியவர் வாசலிலேயே நிற்கிறார். "நாம்" என்று தொடங்கினால், திருத்தப்படும்போதே உள்ளே உட்கார வைக்கப்படுகிறார்.

இணக்கம் எப்போது தொடங்கி எப்போது நிற்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கிறிஸ்டியன் டானெஸ்கு-நிகுலெஸ்கு-மிசிலும் அவருடைய சக ஆய்வாளர்களும் பீர் மதிப்புரை எழுதுவோரின் இரண்டு இணையக் குழுக்களை ஆராய்ந்து 2013இல் முடிவுகளை வெளியிட்டனர். அவற்றுள் ஒன்றில், மணத்தைக் குறிக்க 'அரோமா' என்று முழுதாக எழுதும் வழக்கம் தேய்ந்து, 'ஸ்மெல்' என்பதன் முதலெழுத்தான 'எஸ்' மட்டும் நிலைத்தது. பல மதிப்புரைகளைப் படித்தவருக்கே அந்த ஒற்றை எழுத்து விளங்கும் என்பதால், அதை இயல்பாக எழுதுவதே உறுப்பினர் அட்டை போல ஆகிவிடுகிறது என்பது என் கருத்து. புதிதாக வருபவர்கள் இத்தகைய வழக்குகளை விரைந்து பற்றிக்கொள்கிறார்கள்; ஆனால் ஒருவர் குழுவில் மொத்தம் எவ்வளவு காலம் இருந்தாலும், அதில் ஏறத்தாழ முதல் மூன்றில் ஒரு பங்கு கழிந்ததும் அவருடைய மொழி உறைந்துபோகிறது. அவர் நின்ற இடத்திலேயே நிற்க, குழுவின் மொழி அவரைக் கடந்து போகிறது. தொடக்கப் பதிவுகளின் மொழியைக் கொண்டே ஒருவர் குழுவில் எவ்வளவு காலம் நீடிப்பார் என்பதையும் அந்த ஆய்வாளர்களால் ஓரளவு கணிக்க முடிந்தது.

ஒவ்வொரு வரியும் தேதியோடு சேமிக்கப்பட்டிருந்ததால்தான் இது சாத்தியமாயிற்று. 2023இல் ட்விட்டர் தன் தரவை இலவசமாகப் பெறும் வழியை மூடியது போன்ற முடிவுகளால் இத்தகைய ஆய்வுகள் பணமுள்ளவர்களுக்கு மட்டும் உரியவையாகிவிடும். பொது நிதியில் ஆவணக் காப்பகங்கள் அமைவதே முறை.

வாசகரின் கேள்விக்கு மறுபக்கமும் உண்டு. எல்லாரும் 'எஸ்' என்று எழுதும் இடத்தில் இன்னும் 'அரோமா' என்று எழுதுபவர், நேற்று வந்தவராக இருக்கலாம். முதல் நாளிலிருந்தே இருப்பவராகவும் இருக்கலாம்.