'நேரடித் தடுப்பூசி'யாம்!

"பிறவியிலேயே நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு நேரடித் தடுப்பூசி போடக்கூடாது." பெற்றோருக்கான ஒரு கையேட்டில் இப்படி அச்சிட்டிருந்தார்கள். இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நான்காவது முறை. நேரடி ஒளிபரப்பு தெரியும், நேரடி வரி தெரியும். நேரடித் தடுப்பூசி என்றால்? தரகர் இல்லாமல் போடுவதா?

மூலச்சொல் 'லைவ் அட்டெனுவேட்டட் வேக்சின்'. பசுவுக்கு லத்தீனில் 'வக்கா'. 1796இல் ஆங்கில மருத்துவர் ஜென்னர் பெரியம்மையைத் தடுக்கப் பசு அம்மைச் சீழை எடுத்துக் குத்தியதால் வேக்சின். அட்டெனுவேட்டுக்குள் இருப்பது 'டெனுயிஸ்', அதாவது மெல்லியது. லைவ் என்றால் உயிரோடு. அவ்வளவுதான்.

அந்த உயிரில்தான் விஷயமே இருக்கிறது. கால்மெட், கெரேன் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியை உண்டாக்கினார்கள். கிருமி மெலிந்ததே தவிர சாகவில்லை. உடம்புக்குள் போனதும் கொஞ்சம் பெருகும். எதிர்ப்பாற்றல் அதை அடக்கும், அடக்கிப் பழகும். 'ஸ்கிட்' எனப்படும் தீவிரக் கூட்டு நோயெதிர்ப்புக் குறைபாட்டோடு பிறந்த குழந்தையிடம் அடக்க ஆளில்லை. பிறந்த கையோடு போட்ட பிசிஜி நிணநீர்க் கணு, எலும்பு, கல்லீரல் என்று பரவலாம். குறைபாடு தெரியவருவதோ பெரும்பாலும் சில மாதம் கழித்து. எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்கள் இல்லாத பிள்ளைக்குக் கொடுத்த போலியோ சொட்டு மருந்தின் வைரஸ், சிலருடைய குடலில் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும், வாதமும் வரலாம். 'நேரடி' என்பதைப் படிக்கிற தாய்க்கு இதில் ஒரு துளியாவது எட்டுமா?

சரி, வேறு சிலர் இதையே 'செயலிழந்த தடுப்பூசி' என்கிறார்கள். இது அதைவிட மோசம். 'நேரடி' புரியாது, அதோடு போயிற்று. 'செயலிழந்த' தப்பாகப் புரியும். கிருமியைக் கொன்று செய்கிற மருந்துக்கு உரிய பெயர் அது. ஊசியாகப் போடும் போலியோ மருந்து அந்த வகை. அதில் பெருகுவதற்குக் கிருமியே இல்லை என்பதால் இந்தக் குழந்தைகளுக்கும் போடலாம். போடக்கூடாததற்குப் போடக்கூடியதன் பெயரை வைத்தால் அது மொழிபெயர்ப்பா? மொழிபெயர்ப்பாளர் நண்பர் ஒருவர், "உயிருள்ள கிருமி என்று எழுதினால் ஜனங்கள் பயந்து ஊசியே போடமாட்டார்கள்" என்றார். மற்றக் குழந்தைகளுக்குப் பயமில்லை என்று அடுத்த வரியில் எழுதுங்கள் ஐயா, யார் தடுத்தது? பயப்பட வேண்டிய சில வீடுகளிடமிருந்து சொல்லையே ஒளித்துவைப்பது என்ன நியாயம்?

என் கட்சி 'மெலித்த உயிர்க்கிருமித் தடுப்பு மருந்து'. வல்லெழுத்தை மெல்லெழுத்தாக்குவதை இலக்கணத்தில் 'மெலித்தல்' என்றுதானே படித்தோம்? தட்டை தண்டை ஆகிறது. எழுத்து போய்விடவில்லை, வலு மட்டும் போயிற்று. லத்தீன்காரன் சொன்னதும் இதையேதான். 'வீரியம் குறைத்த' என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 'குறைந்த' வேண்டாம். அது தானாகக் குறையவில்லை, 13 வருஷ உழைப்பு. 'ஊசி'யை விட்டதற்கும் காரணம் உண்டு: போலியோ சொட்டும் ரோட்டா வைரஸ் மருந்தும் வாயில் விடுபவை.

அதே கையேட்டில், கிருமி குடியேறிய உடம்பை, ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' என்பதை, 'தொகுப்பாளர்' என்று எழுதியிருக்கிறார்கள். நேரடி ஒளிபரப்பு என்று ஆனபிறகு தொகுப்பாளர் இல்லாமல் எப்படி?