மூடியில் பெயரில்லாத டப்பா

போன மாதம் ஒரு பின்னேரம் பாமசிக்கு ஒரு அக்கா வந்தார். சொப்பிங் பேக்கில் சுற்றியிருந்த சின்ன வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்து, "தம்பி, இதே கிறீம் உங்களிட்ட இருக்கா?" என்றார். மூடியில் பெயர் இல்லை, திகதி இல்லை. உள்ளே இளமஞ்சள் களிம்பு, வழித்து வழித்து அடி தெரிந்தது.

"எங்க எடுத்தீங்க அக்கா?"

"பார்லர்ல கலந்து தந்தவ. மூணாம் நாளே முகம் பளிச்செண்டு வந்திற்று."

அது நாலு மாதத்துக்கு முந்திய கதை. இப்போது ஒரு நாள் பூசாமல் விட்டாலும் முகம் சிவந்து எரிகிறதாம், அடுப்படியில் நிற்க ஏலாதாம். கன்னத்தில் சிவப்பு நூல் போல மெல்லிய இரத்தக் குழாய்கள் ஓடியிருந்தன. வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பரு.

டப்பாவைப் பார்த்து உள்ளே என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த முகத்தில் இருந்த அடையாளங்கள் ஸ்டீரொய்ட் களிம்பை நீண்ட நாள் பூசியவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பவை. ஸ்டீரொய்ட் பட்டதும் இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழற்சி அடங்கும், நிறமும் கொஞ்சம் வெளிறும். அதைத்தான் பளிச்சென்று வந்ததாக நினைக்கிறோம். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். நிறுத்தினால், சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரியும். அந்த எரிவு தாங்காமல் மறுபடி டப்பாவைத் தேடுவார்கள். இந்த இனத்தில் மிக வலுவான குளோபெட்டசோலை டொக்டர்மாரே பொதுவாக இரண்டு கிழமைக்கு மேல் தொடரச் சொல்வதில்லை, முகத்துக்கு எழுதுவது அரிது.

அந்த அக்காவுக்கு நான் ஒன்றும் விற்கவில்லை. டப்பாவோடு தோல் டொக்டரிடம் போகச் சொன்னேன். அவருக்கு என் மேல் கோபம்தான்.

பாமசியில் விற்பது சும்மா சாமான், பார்லரில் தருவதுதான் 'புரொபெஷனல்' சாமான் என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அது இன்னும் கூடும். கட்டாரிலிருந்தும் சவூதியிலிருந்தும் வருகிற பெட்டிகளுக்குள் இருக்கும் கிறீம்களுக்கோ தனி மரியாதை. உண்மையில் புரொபெஷனல் என்ற சொல்லுக்கு ஓர் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது. தோலை உரிக்கப் பயன்படும் கிளைகோலிக் அமிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் நாமே பூசும் பொருளில் அது 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட வரையறை. பயிற்சி பெற்றவர் பார்லரில் சில நிமிடம் பூசிக் கழுவுவதற்கு 30 வரை. அதற்கு மேல் போனால் டொக்டரின் வேலை. ஆக, அந்தச் சொல்லுக்குள் இருப்பது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, தண்ணீரோடு பக்கத்தில் நிற்கும் பழகிய ஆள். போத்தலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தால் அந்த ஆள் கூட வருவதில்லை. எங்கள் மாநிறத் தோல் அமிலத்தில் சுடுபட்டால் சிவந்து ஆறுவதோடு நிற்காது, கறுத்துப்போய் மாதக்கணக்கில் கிடக்கும். வெளுக்கப் போய்க் கறுத்து வந்த பிள்ளைகள் எத்தனை பேர்!

இன்னொன்று பாதரசம். வெளிநாட்டுக் கிறீமின் உறையில் கலோமெல், மெர்குரஸ் குளோரைட், மெர்குரிக் என்று எதையாவது கண்டால் வாங்காதீர்கள். சிலவற்றில் அந்தப் பெயரே இருக்காது, ஆனால் "தங்கம், வெள்ளி நகைகளில் படவிட வேண்டாம்" என்று எழுதியிருக்கும். பாதரசம் தங்கத்தோடு ஒட்டும், அதனால்தான் அந்த எச்சரிக்கை. நகைக்குக் காட்டும் அக்கறையைச் சிறுநீரகத்துக்கு அவர்கள் காட்டவில்லை. பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், நரம்பைத் தாக்கும். பூசுபவருக்கு மட்டுமல்ல, அவரோடு ஒட்டிப் படுக்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

சரி, அப்படியென்றால் எதற்கெடுத்தாலும் டொக்டரா? இல்லை. வறண்ட தோலுக்கு வெள்ளை பெற்றோலியம் ஜெலி போதும். குளித்து ஈரம் காயும் முன் பூச வேண்டும், அவ்வளவுதான். அழகான போத்தலில் வருவதை விட அது மோசமில்லை, சில நேரம் மேல். சாதாரண முகப்பருவுக்கு 2.5 சதவீத பென்ஸொயில் பெரொக்சைட் கேட்டு வாங்கலாம். 10 சதவீதம் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று பலர் அதைத்தான் கேட்கிறார்கள். பலனில் பெரிய வித்தியாசமில்லை, எரிச்சல்தான் கூட. ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்குங்கள், பழைய தலையணை உறையைப் போட்டுப் படுங்கள், துணியின் சாயத்தை அது வெளுத்துவிடும். ஆறு, எட்டுக் கிழமை பொறுக்க வேண்டும். மூன்றாம் நாளே வந்து "ஒண்டும் நடக்கல்ல" என்பவர்களைத்தான் அந்தப் பெயரில்லாத டப்பா பிடித்துக்கொள்கிறது.

சன்ஸ்கிறீன் பற்றி ஒரு வார்த்தை. வெயிலைத் தடுக்கும் அளவைக் காட்டும் எஸ்.பி.எஃப் 30 போதும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் எடுத்து, வெயிலில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பூச வேண்டும். இந்தக் கணக்குக்கு ஒரு டியூப் சில கிழமைக்குள் முடிந்துவிடும். வயலில் நெல் வெட்டுகிறவருக்கும் வாவியில் வலை போடுகிறவருக்கும் இதைச் சொல்ல எனக்கே கூச்சம். அவர்களுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும்தான் சரி.

கடைசியாக, கடையில் எந்தக் கிறீமும் வாங்கக்கூடாத ஒன்று. உடம்பில் வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு இருக்கிறது, அரிப்பில்லை, தேமல் என்று நினைத்து மாதக்கணக்கில் எதையோ பூசியும் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கால் யாரையாவது தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாம். தொழுநோய் ஒழிப்பில் இலங்கை 1995 இலேயே தேசிய மட்ட இலக்கை எட்டியது என்றாலும், எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் இன்னும் புதிதாக நோயாளர் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். மருந்து அரச வைத்தியசாலையில் இலவசம். ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் குடித்தால் குணமாகும். பிந்தினால் நரம்பு போய்விடும், போன நரம்பு திரும்ப வராது. பெயரைக் கேட்டதும் ஒளிக்கிற சனம் இன்னும் இருக்கிறது. அதனால் நான் கடையில் அந்தப் பெயரைச் சொல்வதே இல்லை. "ஒருக்கா போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்கில காட்டிப்போட்டு வாங்க, மறுகா கிறீம் பாப்பம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவேன்.

அந்த அக்கா போன கிழமை திரும்பி வந்தார். முகம் இன்னும் சிவப்புத்தான், எரிவு குறைய இன்னும் மாதங்கள் எடுக்கும் என்று டொக்டர் சொன்னாராம். டப்பாவைக் கேட்டேன், கிளினிக்கில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். கையில் ஒரு துண்டு, அதில் எழுதியிருந்த ஒரே பூச்சு பெற்றோலியம் ஜெலி. "இதுக்கா தம்பி இவ்வளவு நேரம் லைன்ல நிண்ட நான்?" என்றார், சிரித்துக்கொண்டே.