இறுகப் பிடித்தால் மூளைக்குள் போகாது

1990-களின் தொடக்கத்தில், ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தில் வளர்த்த சுண்டெலிகளுக்கு உண்ணித் தொல்லை. வழக்கம்போல ஐவர்மெக்டின் மருந்து அடித்தார்கள். மற்ற எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு மரபணுவை நீக்கி வளர்த்தவை மட்டும் அநேகமாக எல்லாமே செத்துப்போயின. சாதாரண எலியைக் கொல்லத் தேவைப்படும் அளவில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கே இவற்றுக்குப் போதுமாக இருந்தது. மூளையைச் சோதித்தபோது அங்கே மருந்து குவிந்து கிடந்தது. ஆல்ஃபிரட் ஷிங்கெல் குழுவினர் இதை 1994-ல் வெளியிட்டார்கள்.

அந்த மரபணுதான் பி-கிளைக்கோபுரதம் என்ற பம்பைச் செய்கிறது. மூளையின் ரத்தத் தந்துகிச் சுவரில், ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில் இது உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நுழையப் பார்க்கும் அந்நிய மூலக்கூறைப் பிடித்து, வந்த ரத்தத்துக்கே திருப்பித் தள்ளுகிறது. ரத்தத்தில் ஓடும் கண்டதும் மூளைக்குள் போகாமல் காப்பதை ரத்த-மூளைத் தடுப்பு என்பார்கள். அதைக் கேட்டதும் பலர் நினைப்பது ஒரு மதிலை. பாதி சரி. மீதிப் பாதி, ஓயாமல் வேலை செய்யும் இந்தப் பம்புகள்.

மதில் என்று சொல்லத்தக்க பகுதியும் உண்டு. உடலின் மற்ற இடங்களில் தந்துகிச் சுவரின் செல்களுக்கு நடுவே இடுக்கு இருக்கும். அதன் வழியே மருந்து கசிந்து திசுவுக்குப் போய்விடும். மூளையில் அந்தச் செல்கள் ஒன்றோடொன்று இறுக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1967-ல் ரீஸ், கார்னோவ்ஸ்கி என்ற ஆய்வாளர்கள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் இந்த ஒட்டுகளைக் காட்டினார்கள்: எலியின் ரத்தத்தில் செலுத்திய ஒரு நொதி, ஒட்டு இருக்கும் இடம்வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. எரிச்சலூட்டும் விஷயம் என்னவென்றால், எந்த நரம்புச் செல்லும் தந்துகியிலிருந்து ஒரு முடியின் தடிமன் அளவுகூடத் தள்ளி இல்லை. மருந்து பக்கத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒற்றைச் செல் தடிமனில் ஒரு சுவர், அவ்வளவுதான்.

சிறியதாகவும் கொழுப்பில் கரைவதாகவும் இருந்தால் செல்லின் சவ்வில் கரைந்தே கடக்கலாம். மது, நிகோட்டின், மயக்க மருந்துகள் எல்லாம் அப்படித்தான் போகின்றன. ஆனால் மருந்தைக் கொழுப்பில் கரையும்படி மாற்றினாலே போதும் என்று இருந்துவிட முடியாது, பம்பு இருக்கிறதே. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் லோபரமைடு, மார்பின் வேலை செய்யும் அதே ஏற்பியில்தான், அதாவது செல்லின் மேல் மருந்து வந்து ஒட்டும் அதே புரதத்தில்தான், வேலை செய்கிறது. கொழுப்பிலும் நன்றாகக் கரையும். இருந்தும் வழக்கமான அளவில் போதை வருவதில்லை, பம்பு அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஒவ்வாமைக்கான பழைய மாத்திரைகள் தூக்கத்தைக் கொண்டுவருவதும், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற புதியவை பெரும்பாலும் கொண்டுவராததும் இதே கதைதான்.

மூளைக்கு உணவு போயாக வேண்டும். குளுக்கோஸுக்கும் அமினோ அமிலங்களுக்கும் அந்தச் சுவரில் தனித்தனிக் கடத்திப் புரதங்கள் உண்டு. பார்க்கின்சன் நோயில் மூளையில் குறைவது டோபமின் என்ற வேதிப்பொருள். அதை ஊசியில் ஏற்றினால் மூளைக்குப் போகாது. அதன் முன்னோடியான லெவோடோபா ஓர் அமினோ அமிலம் என்பதால், அமினோ அமிலக் கடத்தி அதை உள்ளே கொண்டுபோய்விடுகிறது; அங்கே டோபமினாக மாறுகிறது. வழியிலேயே மாறிவிடாமல் இருக்கக் கார்பிடோபாவைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இதை நோயாளிகள் சாப்பாட்டு நேரத்தில் நேரடியாக உணர்வார்கள். புரதம் அதிகமுள்ள சாப்பாட்டோடு மாத்திரையைப் போட்டால், சாப்பாட்டின் அமினோ அமிலங்கள் அதே கடத்திக்குப் போட்டியிடும். சிலருக்கு அன்று மருந்து சரியாகப் பிடிக்காது, கைநடுக்கம் தொடரும்.

எதிர்ப்புரதங்களும் (ஆன்டிபாடி) நொதிகளும் இந்தக் கடத்திகளுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியவை. மூலக்கூறின் நிறையை டால்டனில் அளப்பார்கள்; ஓர் எதிர்ப்புரதத்தின் நிறை சுமார் 1,50,000 டால்டன். சுவரைச் சும்மா கடக்கும் மருந்துகளோ பெரும்பாலும் 500-க்குக் கீழே. ரத்தத்தில் ஏற்றிய எதிர்ப்புரதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு மூளைக்குள் போனாலே பெரிய விஷயம்.

இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் வருகிறது. மூளைக்கு இரும்பு வேண்டும். அதைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தைத் தந்துகிச் சுவரின் ஏற்பிகள் பிடித்து, சிறு பையில் வைத்து உள்ளிழுக்கின்றன. அந்த ஏற்பியில் ஒட்டும் எதிர்ப்புரதத்தைச் செய்து, மருந்தை அதோடு கோத்துவிட்டால் கூடவே போய்விடுமே என்று யோசித்தார்கள். எவ்வளவு இறுக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லது என்றே யாருக்கும் தோன்றும். நடந்தது நேர்மாறு. இறுக ஒட்டியவை அக்கரை சேர்ந்தும் ஓடத்தைவிட்டு இறங்க மறுக்கும் பயணியைப் போலச் சுவரிலேயே தங்கிவிட்டன. செல் அவற்றை ஏற்பியோடு சேர்த்துச் செரித்தும் போட்டது. 2011-ல் ஜெனென்டெக் என்ற மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிடியைத் தளர்த்திப் பார்த்தார்கள். எலியின் மூளைக்குள் போய்ச் சேர்ந்த அளவு கூடியது.

சிக்கல் இல்லாமல் இல்லை. வளரும் சிவப்பணுக்களிலும் இதே ஏற்பி நிறைய இருப்பதால், தொடக்கச் சோதனைகளில் எலிகளின் இளம் சிவப்பணுக்கள் அழிந்தன. எதிர்ப்புரதத்தின் வால்பகுதியை மாற்றியமைத்து அதைச் சமாளிக்க வேண்டியிருந்தது. ஹன்டர் நோய் என்ற அரிய மரபணுக் கோளாறில் இல்லாமல் போகும் நொதியை, இந்த ஏற்பி வழியாக மூளைக்கு அனுப்பும் பாபினாஃபஸ்ப் ஆல்ஃபா மருந்துக்கு ஜப்பான் 2021-ல் ஒப்புதல் கொடுத்தது.

சுவரைச் சுற்றிப் போகவும் வழி இருக்கிறது. முதுகெலும்புத் தசைச்சிதைவுக்கான நுசினெர்சென் முதுகில் ஊசி போட்டு மூளைத் தண்டுவடத் திரவத்திலேயே செலுத்தப்படுகிறது. தண்டுவடத்துக்கு அது போதும். திரவத்திலிருந்து மூளையின் ஆழத்துக்கு மருந்து ஊறிப்போவது மிக மெதுவாகத்தான் நடக்கும்.

கடைசி வழி, சுவரையே சற்று நேரம் திறப்பது. 1970-களிலிருந்து செய்துவரும் முறையில், கழுத்துத் தமனியில் அடர்த்தியான மானிட்டால் கரைசலை ஏற்றுவார்கள். செல்கள் நீரிழந்து சுருங்க, ஒட்டுகள் விரியும். ஆனால் அந்தத் தமனி பாயும் பகுதி முழுவதும் திறந்துகொள்ளும், வலிப்பு வரும் அபாயமும் உண்டு. குவித்த அல்ட்ராசவுண்ட் இதைவிடத் துல்லியம். ரத்தத்தில் நுண்குமிழிகளை ஏற்றி, ஒலியை மூளையில் ஒரே இடத்தில் குவிக்கிறார்கள். அங்கே குமிழிகள் விரிந்து சுருங்கி ஒட்டுகளைத் தளர்த்துகின்றன. ஒரு நாளுக்குள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். அல்சைமர் நோயாளிகள் 3 பேரிடம் இப்படித் திறந்து எதிர்ப்புரதம் கொடுத்ததில், திறந்த பகுதிகளில், அந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதம் கூடுதலாகக் குறைந்ததை 2024-ல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். மூன்றே பேர் என்பதால் இதற்கு மேல் எதையும் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இந்த முறை அதிகம் கைகொடுக்கக்கூடியது கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றில் என்று நினைக்கிறேன். கட்டியின் நடுப்பகுதியில் தடுப்பு ஏற்கெனவே சிதைந்திருக்கும். எம்ஆர்ஐ படத்தில் அது பளிச்சென்று தெரிவதே, படம் எடுக்க ரத்தத்தில் ஏற்றும் சாயம் அங்கே கசிவதால்தான். அறுவை மருத்துவர் அதை எடுத்துவிடுகிறார். ஓரத்தைத் தாண்டி நல்ல திசுவுக்குள் ஊடுருவிய செல்கள் படத்தில் தெரிவதில்லை, கீமோ மருந்துகள் பலவும் அவற்றை எட்டுவதில்லை, ஏனென்றால் அங்கே தடுப்பு சிதையாமல் இருக்கிறது. நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அந்த ஓரத்திலிருந்துதான். மண்டையோட்டில் பதித்த சிறு அல்ட்ராசவுண்ட் கருவியால் அந்தப் பகுதியைத் திறந்து மருந்து ஏற்றும் சோதனைகள் பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் நடந்திருக்கின்றன.