கிளாஸ் பிரசிடென்ட்: சட்டாம்பிள்ளையா, வகுப்புத் தலைவரா?

அமெரிக்காவில் நான்காம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகள், ஏற்காட்டில் இருக்கும் தன் அம்மாயியை வீடியோ காலில் கூப்பிட்டு, "நான் கிளாஸ் பிரசிடென்டுக்கு ரன் பண்றேன்" என்றாள். என் அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்குங் கண்ணு ஓடுற? மூச்சு வாங்கும்" என்றார். பிரசிடென்ட் என்ற சொல் அப்புறம்தான் மண்டையில் ஏறியது. "நம்மூர்ல பிரசிடென்டுக்கு நின்னவங்க எல்லாம் கடனாளி ஆயிட்டாங்க. சின்னப் புள்ளைக்கு அது எதுக்கு?" என்று என்னிடம் திரும்பினார்.

அம்மா மேல் தப்பில்லை. சேலத்துப் பக்கத்துக் கிராமங்களில் பிரசிடென்ட் என்றால் ஊராட்சி மன்றத் தலைவர்தான். டெல்லியில் இருப்பவர் குடியரசுத் தலைவர். இலங்கைத் தமிழரைக் கேட்டால் ஜனாதிபதி என்பார். இந்த மூன்றில் எதையும் ஒன்பது வயதுப் பெண்ணின் தலையில் வைக்க முடியாது.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'முன்னால் உட்கார்ந்திருப்பவர்' என்பதுதான் நேர்ப்பொருள். கூட்டத்தையோ கல்லூரியையோ நடத்துபவருக்கு வழங்கிவந்த சாதாரணச் சொல் அது. 1789இல் ஜார்ஜ் வாஷிங்டன் பதவியேற்றபோது இன்னும் பகட்டான பட்டங்களைச் சிலர் முன்மொழிந்தார்கள். கடைசியில் இந்த எளிய சொல்லே நின்றது. அதன் கனமெல்லாம் பிறகு ஏறியதுதான். ஆகவே அமெரிக்கப் பிள்ளைகள் வகுப்பில் அதைத் தாராளமாகப் புழங்குவதில் வியப்பில்லை.

அதே அமெரிக்காவில் தேர்தலில் 'ஓடுவார்கள்', இங்கிலாந்தில் 'நிற்பார்கள்'. நாமும் நிற்கிறவர்கள். "நிக்கிறேன் அம்மாயி" என்றிருந்தால் முதல் வார்த்தையிலேயே விளங்கியிருக்கும். நிற்பவருக்கு நாம் வைத்த பெயரும் அழகானது. வேட்பு என்றால் விருப்பம், வேட்கையின் உறவுக்காரச் சொல். வேட்பாளர் என்றால் பதவியை விரும்புகிறவர். 'கேண்டிடேட்' என்ற ஆங்கிலச் சொல்லோ உடுப்பைப் பற்றியது: ரோமில் பதவி கேட்டு வந்தவர்கள் பளிச்சென்று வெளுத்த ஆடை அணிந்ததால் வந்த பெயர். வெள்ளை வேட்டியைப் பார்த்தே பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, நம் வகுப்பறைக்கு வருவோம். சேலத்தில் நான் படித்த தொடக்கப் பள்ளியில் பிரசிடென்டும் கிடையாது, தேர்தலும் கிடையாது. 'லீடர்' உண்டு. உயரமான பையனையோ முதல் ரேங்க் வாங்கிய பெண்ணையோ பார்த்து டீச்சர் கை காட்டுவார், அவ்வளவுதான். சாக்பீஸ் வாங்கி வருவது, நோட்டுகளை அடுக்கி ஸ்டாஃப் ரூமில் வைப்பது, டீச்சர் வெளியே போனால் 'பேசியவர்கள்' என்று போர்டில் தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவது எல்லாம் லீடர் வேலை. மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பேனா கடன் தர மறுத்த ஒரே குற்றத்துக்காக நான் மூன்று பெருக்கல் குறி வாங்கியிருக்கிறேன்.

சில பள்ளிகளில் இதே ஆளுக்கு மானிட்டர் என்று பெயர். அதன் லத்தீன் வேருக்கு எச்சரித்தல், நினைவூட்டல் என்று பொருள். இந்த ஏற்பாட்டுக்குச் சென்னையோடு ஒரு தொடர்பு உண்டு. 1789இல், வாஷிங்டன் பதவியேற்ற அதே ஆண்டில், ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் ராணுவத்தாரின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதை ஒரு முறையாகவே வகுத்து, 1797இல் லண்டனில் அச்சிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது பரவியது.

மானிட்டருக்கு நேர்த்தமிழ் தேடினால் கண்காணி என்ற பழைய சொல் கிடைக்கும். சோழர் கல்வெட்டுகளில் கோயில் காரியங்களை மேற்பார்த்தவர் கண்காணி. "கண்காணி இல்லென்று கள்ளம் பலசெய்வார்" என்கிறது திருமந்திரம். டீச்சர் இல்லாத வகுப்பைப் பற்றி இதைவிடச் சரியாக யார் சொல்லிவிட முடியும்? ஆனால் இந்தச் சொல் மலைத்தோட்டங்களுக்குப் போய்க் கங்காணி ஆகிவிட்டது. சேர்வராயன் மலைக் காப்பித் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள், கூலியாட்களை மேய்த்தவர் என்றுதான் நினைவு வரும். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் வேண்டாம்.

மிச்சம் இருப்பது சட்டாம்பிள்ளை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கண்ணயர்ந்தாலும் வெளியே போனாலும் பிள்ளைகளைக் கட்டி மேய்த்த மூத்த மாணவன். 'சட்டம்' என்பதோடு சேர்த்துப் பொருள் சொல்வதே வழக்கம்: ஒழுங்குக்கும் சட்டம் என்று பெயர், எழுதுவதற்காக நறுக்கிய ஓலைக்கும் சட்டம் என்று பெயர். எனக்குப் பிடித்தது வேறொரு வழி. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் இன்றைய குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு கல்விச் சாலை அமைத்தான். 95 'சட்டர்' அங்கே தங்கிப் படிக்கச் செப்பேட்டில் வழி செய்தான். சட்டர் என்றால் மாணவர். சட்டரில் ஒரு பிள்ளை சட்டாம்பிள்ளை என்றால் காதுக்கும் பொருந்துகிறது.

இந்தச் சொல்லுக்குப் பிற்காலம் நன்றாக அமையவில்லை. "பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி பேசாதே" என்று திட்டுகிறோம். மலையாளத்தில் இன்னும் மோசம். சட்டம்பி என்றால் ரௌடி. ஆனால் கேரளத்தின் பெரிய சீர்திருத்தவாதியான சட்டம்பி சுவாமிகளுக்கு (1853-1924) அந்தப் பெயர் வந்தது சிறு வயதில் வகுப்பில் சட்டம்பியாக இருந்ததால்தான். அதிகாரம் கையில் வந்த பிள்ளைகள் என்ன செய்திருப்பார்கள் என்பதை அந்த ரௌடி அர்த்தமே காட்டிக்கொடுக்கிறது. என் மூன்று பெருக்கல் குறிகளும் சாட்சி.

அரசுத் தாள்களில் 'வகுப்புத் தலைவர்' என்று எழுதுகிறார்கள். பெண்ணாக இருந்தால் தலைவி. அகப்பாட்டு படித்தவர்களுக்கு உதட்டோரம் சிரிப்பு வரும். எல்லா இடத்துக்கும் இந்த ஒரே சொல்லைப் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. டீச்சர் கை காட்டி வந்தவர் டீச்சருக்குத்தான் பதில் சொல்கிறார், அவர் சட்டாம்பிள்ளை. பிள்ளைகள் ஓட்டுப் போட்டு வந்தவர் பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அவரே வகுப்புத் தலைவர். முதலாமவர் பேசியவர்கள் பெயரை எழுதுவார், இரண்டாமவர் பி.டி. பீரியடைக் கணக்கு மிஸ் எடுத்துக்கொண்டால் போய்க் கேட்பார். இரண்டும் வேறு வேறு வேலை.

தங்கை மகள் அந்தத் தேர்தலில் தோற்றுவிட்டாள். எல்லாருக்கும் தட்டுவடை செட் தருவதாக வாக்குக் கொடுத்தாளாம், அது என்னவென்றே அங்கே ஒருவருக்கும் தெரியவில்லையாம். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னவளை அம்மா திரையிலேயே கன்னம் வழித்துத் திருஷ்டி கழித்தார். "ஓடுனா அப்படித்தாஞ் சாமி. அடுத்த வருசம் நின்னு பாரு."