கத்தரிக்கோல் என்ற சொல் எங்கே போனது?

பக்கவாதம் வந்து ஆறு வாரமான தையற்காரர் ஒருவர் பேச்சுப் பயிற்சிக்கு வந்திருந்தார். மேசையில் கத்தரிக்கோலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டேன். வலக்கை இன்னும் வசப்படவில்லை. இடக்கையால் எடுத்து, காற்றில் நேர்கோடாகத் துணி வெட்டிக் காட்டினார். பெயர் மட்டும் வரவில்லை. "ஊசி" என்றார், உடனே தலையை அசைத்து மறுத்தார். "கத்..." என்று எடுத்துக் கொடுத்தேன். "கத்தரிக்கோல்!" முழுதாக வந்துவிட்டது. "அப்படியானால் இவருக்கு மறக்கவில்லையா?" என்று அவர் மனைவி கேட்டார்.

மறக்கவில்லை. அந்தச் சொல் அவருடைய மன லெக்சிகனில் இன்னும் இருக்கிறது. லெக்சிகன் என்றதும் நம்மில் பலருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதிதான் நினைவுக்கு வரும். மொழியியலில் அச்சொல்லின் பொருள் இன்னும் விரிவானது. ஒரு மொழியின் சொற்கள் அனைத்தும் சேர்ந்தது அதன் லெக்சிகன். அதை அறிந்த ஒவ்வொருவர் மனத்திலும் ஒரு சொற்களஞ்சியம் இருக்கிறது. அது மன லெக்சிகன். அங்கே ஒவ்வொரு சொல்லும் தன் ஒலியோடும் பொருளோடும் பதிந்திருக்கிறது.

அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்று விளக்க எனக்குக் கைகொடுப்பவை நம் பழைய நூல்கள்தான். திவாகர நிகண்டு தெய்வம், மக்கள், விலங்கு, மரம் எனப் பொருள்வழி 12 தொகுதிகளாகச் சொற்களைச் சேர்த்தது. 1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி அகர வரிசையில் அடுக்கியது. மனம் இரண்டு வழியிலும் தேடுகிறது. கத்தரிக்கோலைத் தேடியவரின் வாயில் 'ஊசி' வந்தது பொருள்வழி அண்டைவீடு. 'கத்' என்றதும் சொல் வந்தது ஒலிவழி. மூளைப் பாதிப்பால் மொழித்திறன் குலையும் இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர். இதில் பலருக்குச் சொற்கள் உள்ளேயே இருக்கின்றன. எடுக்கும் வழிதான் தடைப்படுகிறது.

இதை அறியாத வீடுகளில் நடப்பதுதான் என்னை வருத்துகிறது. காது கேட்காதவரிடம் பேசுவதுபோலக் கத்துகிறார்கள். வருகிற உறவினர் எல்லாம் "நான் யார், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று தேர்வு வைக்கிறார்கள். புத்தி பேதலித்துவிட்டது என்று அவர் எதிரிலேயே பேசுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சொல் வராமல் தடுமாறினால் மனத்துக்குள் பத்துவரை எண்ணிக் காத்திருங்கள். பிறகும் வராவிட்டால் "எதற்குப் பயன்படும்?" என்று கேளுங்கள், அடுத்து முதலெழுத்தைக் கொடுங்கள். "என்ன வேண்டும்?" என்பதைவிட "காபியா, டீயா?" என்பது எளிது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பேச்சு திடீரென்று குழறினாலோ நின்றாலோ உடனே 108ஐ அழையுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்கப்படுகிறது.

போன வாரம் அந்தத் தையற்காரருக்கு இன்னொரு சொல் சிக்கிக்கொண்டது. சட்டையின் மார்பைத் தொட்டார். "நூல்... காஜா..." என்று சுற்றி வந்தார். அவர் மனைவியின் உதடு அசைந்தது, ஆனால் சொல்லவில்லை. ஏறக்குறைய அரை நிமிடம் கழித்துத் தையற்காரரே சொன்னார்: "பட்டன்."