இரங்கல் வேறு, புகழ்வணக்கம் வேறு

சென்ற மாதம் மதுரைச் சிம்மக்கல் பக்கத்து அச்சகம் ஒன்றில் ஒரு சுவரொட்டியின் மெய்ப்பை, அதாவது அச்சேறுமுன் பிழைதிருத்தும் படியை, திருத்திக்கொண்டிருந்தேன். மறைந்த சொற்பொழிவாளர் ஒருவருக்காக நடக்கவிருந்த கூட்டத்துக்கானது அது. எழுதிக் கொடுத்த படியில் 'இரங்கல் கூட்டம்' என்று இருந்த தலைப்பு, மெய்ப்பில் 'புகழ்வணக்கக் கூட்டம்' என்று மாறி வந்திருந்தது. மாற்றியவர் அமைப்பாளர்களுள் ஒருவர், தனித்தமிழ்ப் பற்றுள்ளவர். "இரங்கல் என்றால் பாவம் பார்ப்பது போல இருக்கிறது, அஞ்சலியோ வடசொல், ஆகவே இதுதான் சரி" என்று விளக்கமும் சொன்னார். அன்று மாலையே, பேச ஒப்புக்கொண்டிருந்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பெண்களின் உடை பற்றியும் காதல் மணம் பற்றியும் மறைந்தவர் மேடைதோறும் சொல்லிவந்த ஒழுக்கக் கருத்துகளை நெடுங்காலம் எதிர்த்து எழுதியவர் அவர். "இரங்கல் என்றால் வருகிறேன். புகழ்வணக்கம் என்று போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டால் நான் வந்து என்னத்தைப் புகழ்வது?" என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

'இரங்கு' என்ற வினையடிக்கு ஒலித்தல் என்பது ஒரு பழம்பொருள். 'இரங்கு முரசு' என்று புறநானூறு சொல்வது முழங்குகிற முரசை. வருந்துதல், அழுதல், மனமுருகுதல் ஆகியவையும் அதே அடியின் பொருள்களே. நெய்தல் திணைக்கு உரிப்பொருளாகச் சொல்லப்படும் இரங்கல், பிரிவினால் வரும் வருத்தம். "எற்றென்று இரங்குவ செய்யற்க" என்னும் குறளில் இரங்குதல் என்பது செய்ததை எண்ணிப் பின்னர் வருந்துதல். இத்தனை பொருள்களில் எதிலும் புகழ்ச்சி இல்லை என்பதை மட்டும் இப்போதைக்குக் குறித்துக்கொண்டால் போதும்.

இனிப் 'புகழ்வணக்கம்'. வடசொல்லை விலக்கித் தமிழ்ச்சொல்லை ஆளவேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. நானும் மெய்ப்புத் தாளில் 'பிரேதம்' என்று கண்டால் 'உடல்' என்று திருத்துகிறவன்தான். ஆனால் இங்கே நடந்திருப்பது சொல்மாற்றம் அன்று, பொருள்மாற்றம். அஞ்சலி என்பது கூப்பிய கை, அவ்வளவுதான். கைகூப்புகிறவர் எதிரே இருப்பவரைப் புகழ்ந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் அந்தச் சொல்லுக்குள் இல்லை. அதை நீக்க 'வணக்கம்' ஒன்றே போதுமானதாயிருக்க, அதன் தலையில் 'புகழ்' என்று ஒன்றை ஏற்றிவிட்டார்கள். வடசொல் போயிற்று, கூடவே, புகழ மனமில்லாமல் வருந்த மட்டும் வந்தவர் நிற்கும் இடமும் போயிற்று. இதற்கு முன்பே 'புகழஞ்சலி' என்ற கலப்புச் சொல் செய்தித்தாள் விளம்பரங்களில் இதே வேலையைத் தொடங்கிவிட்டது. புதிய சொல் அதைத் தமிழாக்கியிருக்கிறது, திருத்தவில்லை.

இரங்கல் என்றால் பாவம் பார்ப்பது என்று அமைப்பாளர் சொன்னது, இரக்கம் என்ற சொல்லுக்கு இன்று மேலோங்கி நிற்கும் பொருளை வைத்து. இரப்பவருக்கு இரங்குவதும் இறந்தவருக்கு இரங்குவதும் ஓரடியிலிருந்து வந்தவைதாம். ஆயினும் பின்னதில் மேலிருந்து கீழ்நோக்கும் பார்வை கிடையாது. அப்படிப் பார்த்தால் அவரே மற்றோர் அழைப்பிதழில் எழுதியிருந்த 'அனுதாபம்' என்பதற்கு வடமொழியில் கழிவிரக்கம், அதாவது செய்ததை எண்ணிப் பின்னர் வருந்துதல் என்றுதான் பொருள். அதை எடுத்துக்காட்டியபோது அவர் தேநீர் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றினார்.

கம்பனில் இராவணன் இறந்தபின் வீடணன் அழும் இடத்தைப் பாருங்கள். அண்ணனின் செயலை அறமன்று என்று சொல்லிப் பிரிந்துபோனவன், எதிரணியில் நின்றவன். உடலின்மேல் விழுந்து "அண்ணாவோ! அண்ணாவோ!" என்று அலறுகிறான். அந்தப் பாட்டிலேயே, சானகி என்னும் பெருநஞ்சு கண்ணால் நோக்கவே உன் உயிரைப் போக்கியதே என்றும், "எண்ணாதேன் எண்ணிய சொல் இன்றினித்தான் எண்ணுதியோ" என்றும் கேட்கிறான். நான் சொன்னதை இனியாவது எண்ணிப் பார்ப்பாயா என்று பிணத்திடம் கேட்பது குற்றச்சாட்டு. அதுவே அழுகையும் ஆகிறது. அண்ணனின் ஆற்றலை அவன் மறைக்கவில்லை, பிழையையும் விட்டுவிடவில்லை. இதை 'வீடணன் புகழ்வணக்கம்' என்று யாராவது தலைப்பிடுவார்களா?

நம் காலத்துக்கு வந்தால், 1972 திசம்பர் 25 அன்று இராசாசி மறைந்தபோது பெரியார் சுடுகாடுவரை சென்றார். தொண்ணூற்று நான்காம் வயதில், சக்கர நாற்காலியில் அமர்ந்து, கண்கலங்கினார். 1938இல் இராசாசி ஆட்சியின் கட்டாய இந்தியை எதிர்த்துச் சிறை சென்றவர் அவர். 1953இல் இராசாசி கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயர் சூட்டி வீழ்த்தியவர். வருணம் பற்றியும் தொழில் பற்றியும் இருவர் கொண்ட அறக்கருத்துகள் அந்தச் சுடுகாட்டில் ஒன்றாகிவிடவில்லை. மதுரையில் இராசாசியைப் பற்றிப் பேசினால், 1939 சூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தலைமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஆலயப் பிரவேசம் நடந்ததையும், நுழைந்தவர்களுக்கு இராசாசியின் அரசு சட்டப் பாதுகாப்புத் தந்ததையும் சொல்லாமல் இருக்க முடியாது. அதைச் சொல்வது புகழ். குலக்கல்வியைச் சொல்வது மறுப்பு. இரண்டையும் சொல்லிவிட்டு அழவும் இடம் தருகிற சொல்லாக எனக்குத் தெரிந்தது இரங்கல் ஒன்றே.

செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் இதில் செய்யும் கேட்டைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. ஆங்கிலச் செய்தியில் 'ட்ரிப்யூட்' என்று எங்கே கண்டாலும் கை தானாகப் 'புகழாரம்' என்று தட்டச்சு செய்துவிடுகிறது. "அவருடைய கொள்கைகளை வாழ்நாள் முழுதும் எதிர்த்தேன், ஆயினும் இன்று மனம் கனக்கிறது" என்று ஒருவர் சொன்னால், திரையின் அடியில் ஓடும் வரி 'புகழாரம் சூட்டினார்' என்கிறது. கடவுள் மறுப்பாளர் இறந்தால் 'இறைவனடி சேர்ந்தார்' என்று போடுவதும் இதே கைப்பழக்கம்தான்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் இதற்கு வழங்கும் சொல் 'கேதம்'. துயரம் என்னும் பொருளுடைய வடசொல் வழி வந்ததுதான். தூய்மை பார்ப்பவர் விலக்கலாம். ஆனால் அதோடு சேரும் வினையைக் கவனிக்க வேண்டும்: கேதம் 'கேட்க'ப் போகிறோம். துட்டி கேட்டல், துக்கம் விசாரித்தல் என்று எப்படிச் சொன்னாலும் போகிறவர் கேட்கத்தான் போகிறார்; இறந்தவரைப் பற்றி எடுத்துரைக்கும் பொறுப்பு அவருக்கு இல்லை. நல்ல காரியத்துக்கு அழைத்தால் போ, கெட்ட காரியத்துக்கு அழைக்காமலே போ என்பார்கள். வரப்புத் தகராற்றில் பத்து வருடம் பேச்சுவார்த்தை இல்லாதவரும் வருவார். வாசலில் இருப்பவர்களின் கையைத் தொடுவார். சிறிது நேரம் உட்கார்வார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவார். தகராறு தகராறாகவே இருக்கும். ஒப்புச் சொல்லி அழும் பெண்களும் புகழ்ந்துகொண்டே இருப்பதில்லை. இருக்கும்போது செய்யாததை எல்லாம் பாட்டிலேயே இழுத்து வைத்துக் கேட்பார்கள்.

'நினைவேந்தல்' நல்ல சொல். முப்பதாம் நாளுக்கும் ஆண்டு நாளுக்கும் அது பொருந்தும். உடல் எடுத்த மறுநாள் நினைவை ஏந்துவதற்கு அவசரம் இல்லை. 'வீரவணக்கம்' மொழிப்போரில் உயிர்விட்டோருக்குச் சொல்வது. இறந்த எல்லோருக்கும் அதைச் சூட்டினால் தாளமுத்து, நடராசனுக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சாது.

அந்தச் சுவரொட்டியின் அடியில் 'ஆழ்ந்த இரங்கல்கள்' என்றும் ஒரு வரி இருந்தது. இரங்கல் தொழிற்பெயர். அழுகைகள், உறக்கங்கள் என்று நாம் எண்ணுவதில்லை. ஆங்கிலத்தில் பன்மை இருப்பதால் இங்கேயும் ஒட்டிக்கொண்ட வால் அது. தலைப்பை 'இரங்கல் கூட்டம்' என்றும், அடிவரியை 'ஆழ்ந்த இரங்கல்' என்றும் சிவப்பு மையில் திருத்திக் கொடுத்தேன். அச்சாகி வந்ததில் 'கள்' போயிருந்தது. புகழ்வணக்கம் அப்படியே இருந்தது.

நண்பர் கூட்டத்துக்கு வந்தார். பேச அழைத்தபோது வேண்டாம் என்று கையசைத்துவிட்டார். முன்வரிசையில் இருந்த, மறைந்தவருடைய மகனின் கையைத் தொட்டுவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தவர், இரண்டாவது பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனார்.