காசிமேட்டுக்கு வராத மணல்

"மெரினாவுல மட்டும் அவ்ளோ மணல் கொட்டிக் கிடக்குது, எங்க பக்கம் ஏன் சார் வெறும் கருங்கல்லு?" காசிமேட்டுத் தம்பி ஒருவரின் கேள்வி இது. கடல் ஒன்றுதான், இடையில் சில கிலோமீட்டர்தான். நியாயமான கேள்வி.

காற்று அலையைக் கிளப்புகிறது, அலை கரையில் உடைகிறது. இது பள்ளிப் பாடம். ஆனால் அலை கரைக்கு நேராக வருவதில்லை, சற்றே சாய்ந்து வருகிறது. விஷயமே அந்தச் சாய்வில்தான்.

ஒரு சித்திரை மாதக் காலையில் திருவொற்றியூர் கரையில் செங்கல்லை அரிசி அளவுக்கு நொறுக்கி, நுரை ஏறி இறங்கும் இடத்தில் ஒரு கைப்பிடி போட்டேன். அலை ஏறும்போது சிவப்புத் துகள்கள் வடக்கு நோக்கிச் சாய்வாக மேலே போயின. திரும்பும்போது அந்தச் சாய்வு இல்லை; பூமி இழுக்கிற பக்கம், நேராகக் கடலுக்குள் இறங்கின. அடுத்த அலை மறுபடி சாய்வாக ஏற்றியது. ரம்பப்பல் போல ஒரு பாதை. பத்துப் பதினைந்து அலைக்குள் சிவப்பு வடக்கே இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. இரவு பகலாக, மாதக்கணக்கில், கரையில் உள்ள அத்தனை மணலும் இப்படி நடப்பதை நினைத்துப் பாருங்கள்! ஆண்டுக்கு லட்சக்கணக்கான கன மீட்டர். வாடைக்காற்றுக் காலத்தில் தெற்கே திரும்பும்தான், ஆனால் ஆண்டுக் கணக்கில் வடக்கே போவதே அதிகம்.

இந்த நடைபாதையின் குறுக்கே 1870-களில் சென்னைத் துறைமுகச் சுவர்களைக் கட்டத் தொடங்கினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. முன்பு இன்றைய சாலைக்குப் பக்கத்திலேயே அலையடித்த இடம் மெரினாவாக விரிந்தது. துறைமுகத்துக்கு வடக்கே, ராயபுரம், காசிமேடு பக்கம் மணல் வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அங்கே அலை பழையபடி மணலை எடுத்துக்கொண்டு எண்ணூர் பக்கம் நடந்தது. துறைமுகம் வந்ததில் கடலம்மாவுக்குக் கோபம் என்பார் எங்கள் தெருப் பாட்டி. காரணம் சரி, கோபம்தான் இல்லை.

அரிப்பைத் தடுக்கக் கருங்கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவுகள் போட்டார்கள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புகள். ஒரு வளைவின் மேல் ஏறி நின்று இரண்டு பக்கமும் பாருங்கள். தெற்கே பையன்கள் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு மணல் இருக்கும். வடக்கே அலை கல்லில் மோதிக்கொண்டிருக்கும். துறைமுகம் செய்ததையே இது சின்ன அளவில் செய்கிறது. கடைசி வளைவுக்கு வடக்கே இருப்பவர்கள் தலையில்தான் விடிகிறது.

கல் கொட்ட கோடிகளில் பணம் வருகிறது. மழைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு குப்பத்திலும் கரையை அளந்து எழுதி வைக்க அதில் சிறு துளி போதும். அதற்குத்தான் கை நடுங்குகிறது என்பது என் ஆதங்கம்.

தம்பி, மார்கழியில் ஒருநாள் அதே செங்கல்லை நொறுக்கிப் போட்டுப் பாருங்கள். வாடை அடிக்கிற நாளாக இருந்தால் சிவப்பு தெற்கே நகரும்.